முப்பத்தெட்டாவது மீட்டரில் செண்டுமல்லி

கோதண்டபாணிக்குத் தன்னைப் பற்றி இரண்டு பெருமைகள் இருந்தன. விழுப்புரம் மாவட்டத்தில் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைத் தன்னைவிட அறிந்தவர் கிடையாது என்பது ஒன்று. தரைக்கு மேலே எந்தச் சாமியும் இல்லை என்று எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்று சொல்லக்கூடிய ஆள் என்பது இன்னொன்று. முதல் பெருமையை இசைவாணி என்கிற திண்டிவனத்துப் பெண் ஒரே காலையில் உடைத்துப் போட்டாள். இரண்டாவதை உடைக்க வேறு யாரும் தேவைப்படவில்லை. வானூர்ப் பக்கம் மல்லாட்டைக் கடலை பிடுங்கிய கொல்லை ஒன்றில், பட்டப்பகலில், இரண்டு முழம் செண்டுமல்லி மாலையை வைத்துக்கொண்டு அவரே அதை உடைத்துக்கொண்டார்.

இப்போது இந்தக் கதையை அவரே எல்லோரிடமும் சொல்கிறார். மற்றவர்கள் சிரிப்பதற்குள் தான் சிரித்து முடித்துவிட்டால் வலி குறைவு என்கிறார்.

வயது ஐம்பத்துநான்கு. அப்பாவும் அம்மாவும் வானூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அடுத்தவர் நிலத்தில் களையெடுத்தே காலத்தை ஓட்டியவர்கள். சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. பதினெட்டு வயதில் போர்வெல் வண்டியில் ராடு தூக்கும் ஆளாகச் சேர்ந்தவர், ஏழெட்டு வருடத்தில் மெஷினைப் பிடித்து ஓட்டும் மேஸ்திரியாகிவிட்டார். நிலமே இல்லாதவனுக்கு ஊரார் நிலத்தையெல்லாம் துளைத்துப் பார்க்கும் வேலை வாய்த்ததே என்று அவரே சொல்லிக்கொள்வார். செம்மண் எத்தனை அடி, அதற்கடியில் மணல் எத்தனை அடி, எங்கே சாம்பல் நிறக் களி வரும் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருந்தது.

இவ்வளவு தெரிந்தவர் விழுப்புரத்தில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் தன் வீட்டு வாசலில் போட்ட போர் மட்டும் முந்நூறு அடி போயும் புழுதியைத்தான் கக்கியது. இடத்தைக் குறித்துக் கொடுத்தவர் அவரேதான். இன்றைக்கும் அவர் மனைவி சவுரியம்மாள் தெருக்குழாயில் குடம் வைத்துக்கொண்டு நிற்கிறாள். வாசலில் தண்ணீர் வராத அந்தக் குழாய்க்கு மூடி போட்டு, மூடியின் மேல் அவள் ஒரு சின்ன மாதா சொரூபத்தை வைத்துவிட்டாள். பகுத்தறிவு மன்றத்து நண்பர்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கோதண்டபாணி அந்தப் பக்கம் மறைத்து நின்றுகொண்டு பேசுவார்.

அவர் கறுப்புச் சட்டைக்காரர். சவுரியம்மாள் கோயில் தவறாத கத்தோலிக்கப் பெண். காதல் கல்யாணம். இருபத்தாறு வருடத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் மாற்ற முயன்று களைத்துப்போனவர்கள். அவளுடைய நம்பிக்கைகளில் அவர் அதிகமாகக் கிண்டல் செய்தது பாவசங்கீர்த்தனத்தைத்தான். "தப்பு பண்ண வேண்டியது, போயி சாமியார் காதுல ஊத வேண்டியது, கைய கழுவிக்கினு வர வேண்டியது. ஷோக்கான ஏற்பாடுடி உங்களுது" என்பார். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கிளம்புவாள்.

போர் போடும் தொழிலில் பூஜை இல்லாமல் எந்த வண்டியும் முதல் ராடை இறக்காது. எலுமிச்சம்பழம், தேங்காய், மஞ்சள் தண்ணீர், பூ. நிலத்துக்காரர் வீட்டுப் பெண்கள் வந்து, ராடு வழியாகச் சுற்றிவரும் தண்ணீருக்காக வெட்டிய சேற்றுக்குழியில் மூன்று தடவை பூவைப் போட்டுக் கும்பிட்ட பிறகுதான் மெஷினே உறுமும். அந்த நேரத்தில் கோதண்டபாணி பத்தடி தள்ளி நின்று கைகட்டிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். பூஜை முடிந்ததும் யாராவது மாட்டினால் பிடித்துக்கொள்வார். "பயத்துலதான்யா சாமி பொறக்குது. தண்ணி வராதோன்னு ஒனக்கு பயம். அந்த பயத்துக்கு ஒரு பேரு வெச்சு பொட்டு வெச்சுக்கினு கீற, அவ்ளோதான்" என்பார். முப்பத்தாறு வருடமாக இதே வசனம். லாரி டிரைவர் சுகுமாருக்கு அது மனப்பாடம். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் முடித்துவிடுவான்.

போன பங்குனியில் அவர் போர் போட்டுக்கொண்டிருந்த ஒரு கொல்லைக்கு இசைவாணி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். இருபத்தெட்டு வயதிருக்கும். பிஎச்டி படிக்கிறாள், கடைசி வருடம். அதற்கு முன் நான்கு போர் வண்டிக்காரர்களிடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். பூஜை போடக்கூடாது என்று அவள் சொன்னதுமே நான்கு பேரும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். கோதண்டபாணிக்கு நெஞ்சு விம்மியது. தனக்காகவே பிறந்த வாடிக்கையாளர் வந்துவிட்டார் என்று நினைத்தார்.

"எவ்ளோ அடி வேணும்மா? இந்தப் பக்கம் எரநூறு அடிலயே நல்ல தண்ணி காட்டறேன்."

"தண்ணி வேணாம்ணா. மண்ணு போதும்."

முப்பத்தாறு வருடத்தில் தண்ணீர் வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவள் கொல்லை வரப்பில் உட்கார்ந்து விளக்கினாள். இந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் கடல். நீங்கள் சாம்பல் களி என்று சொல்கிறீர்களே, அது அந்தக் கடலின் அடிச்சேறு. அதற்குள் ஒரு இடத்தில் டைனோசர்கள் அழிந்துபோன காலம் இருக்கிறது, ஆறரைக் கோடி வருடத்துக்கும் முன்னால். அதற்குக் கீழே இருக்கும் களி அவை உயிரோடு இருந்தபோது படிந்தது. மேலே இருப்பது அவை போன பிறகு படிந்தது.

"எலும்பு தேடுறியாம்மா?"

"இல்லண்ணா. மகரந்தம். பூவுக்குள்ள இருக்கிற தூள். காத்துல பறந்து வந்து கடல்ல விழுந்து களியோட படிஞ்சிருக்கும். அது லேசுல அழியாது. எந்தச் செடி செத்துச்சு, எந்தச் செடி பொழச்சு வந்துச்சுன்னு அத வெச்சுதான் கண்டுபிடிக்கணும்."

முப்பத்தாறு வருடமாக அவர் அந்தச் சாம்பல் களியைத் திட்டித் திட்டி வெளியே அள்ளிக் கொட்டியிருக்கிறார். ராடைப் பிடித்துக்கொள்ளும் சனியன் என்பதைத் தவிர அதைப் பற்றி அவருக்கு வேறு எதுவும் தெரியாது. விழுப்புரம் மாவட்டத்துத் தரைக்குக் கீழே தெரிந்தவர் என்கிற பெருமை அந்த வரப்பிலேயே முடிந்தது.

அவள் போட்ட கட்டளைகள் கடுமையானவை. சேற்றுக்குழியில் புதுத் தார்ப்பாய் விரிக்க வேண்டும். மூடி போட்ட டேங்கரில் வந்த தண்ணீர்தான். வெற்றிலை, பாக்கு, பீடி எதுவும் குழிக்குப் பத்தடி பக்கத்தில் வரக்கூடாது. முக்கியமாகப் பூ கூடாது. பூவென்றால் தூள், தூளென்றால் கலப்படம். ஒவ்வொரு மீட்டருக்கும் மேலே வருகிற களியைச் சல்லடையில் பிடித்துப் பையில் போட்டு எண் எழுத வேண்டும். மொத்தம் தொண்ணூறு மீட்டர், தொண்ணூறு பை. அடிக்கணக்கிலேயே வாழ்ந்த கோதண்டபாணி ராடில் சாக்பீஸால் மீட்டர்க் கோடு போட்டுக்கொண்டார்.

ஒரே சிக்கல் சுகுமார். அவன் வெள்ளிக்கிழமை தோறும் லாரியின் முன்பக்கம் ஒரு செண்டுமல்லி மாலை கட்டுவான். வானூர்ப் பக்கத்துக் கொல்லையில் வேலை தொடங்கிய அன்றைக்கு வெள்ளிக்கிழமை. இசைவாணி பார்த்துவிட்டு அதைக் கழற்றச் சொன்னாள். சுகுமார் முணுமுணுத்துக்கொண்டே கழற்றி கேபினுக்குள் மாட்டிக் கதவைச் சாத்தினான். "படிச்ச பொண்ணு சொல்லுது, கேளுடா. அறிவு வளரட்டும்" என்று கோதண்டபாணி அவனுக்கு ஒரு பாட்டம் பேசி முடித்தார்.

மத்தியானம் வரைக்கும் எல்லாம் நன்றாகப் போனது. முப்பத்தெட்டாவது பையைக் கட்டி வைத்தபோது ராடு நின்றுவிட்டது. களி ஊறி உப்பி, ராடு நுனியில் துளைக்கும் பிட்டைப் பிடித்துக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை, சுற்றவும் இல்லை. வலுவாக முறுக்கினால் ராடு அறுந்து பிட்டு உள்ளேயே தங்கிவிடும், அதோடு அந்தக் குழி செத்தது. இசைவாணிக்கு இன்னொரு குழி போட வழியில்லை என்பது அவருக்குத் தெரியும். இந்த நிலத்துக்கே கெஞ்சிக் கூத்தாடித்தான் அனுமதி வாங்கியிருந்தாள், உதவித்தொகையும் அந்த வருடத்தோடு முடிகிறது. அவள் தேடும் அந்த டைனோசர் கால எல்லைக்கோடு ஐம்பது மீட்டருக்கும் கீழே இருந்தது.

இரண்டு மணி நேரம் போராடினார். பம்ப்பை ஓட்டினார், நிறுத்தினார், ராடை ஆட்டினார். அவருடைய நாக்கிலிருந்த கெட்ட வார்த்தைகள் எல்லாம் தீர்ந்துபோயின. அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவளோ வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முப்பத்தெட்டுப் பைகளையும் மடியில் இருந்த நோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று தூரத்தில் இருந்த மோட்டார் கொட்டகைப் பக்கம் போனாள். அழத்தான் போகிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. சுகுமார் ராடை இழுத்துத் தூக்கும் செயின் பிளாக் எடுத்து வர பைக்கில் வானூருக்குப் போயிருந்தான்.

கொல்லையில் கோதண்டபாணி மட்டும் தனியாக நின்றார்.

அடுத்து நடந்ததை அவர் இன்றுவரை ஒழுங்காக விளக்கிச் சொன்னதில்லை. கால் தானாக லாரிப் பக்கம் நடந்தது என்பார். கேபின் கதவைத் திறந்து மாலையை எடுத்தார். சேற்றுக்குழி ஓரம் குந்தி, பூப்பூவாகப் பிய்த்துச் சேற்றில் போட்டார். கும்பிட வேண்டும் என்று தோன்றியது, ஆனால் யாரைக் கும்பிடுவது என்று தெரியவில்லை. எந்தச் சாமியோடும் அவருக்குப் பேச்சுவார்த்தை இருந்ததில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, "யாரா இருந்தாலும் சரி. அந்தப் பொண்ணு பாவம். உட்டுடு" என்றார். பழக்கமில்லாத ஆள் என்பதால் கையைக் கூப்புவதா விரிப்பதா என்றும் புரியாமல் இரண்டையும் செய்தார்.

பிறகு பம்ப்பைப் போட்டார். சேற்றுத் தண்ணீர் ராடு வழியாக உள்ளே போய்ச் சுற்றிவிட்டு மேலே வந்தது. ஐந்தாவது நிமிடம் ராடு ஒரு உதறு உதறிவிட்டுச் சுற்றியது.

இரண்டு மணி நேரம் தண்ணீர் அடித்து அடித்துக் களி இளகியிருந்தது, அதுதான் காரணம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். இருந்தாலும் குழியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவசர அவசரமாகச் சல்லடையால் மிதந்த இதழ்களையெல்லாம் அரித்தெடுத்துப் புதரில் வீசினார். நார் மட்டும் மிஞ்சியது, அதைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். இசைவாணி ஓடி வந்தபோது ராடு சுற்றிக்கொண்டிருந்தது, அவர் மேஸ்திரி தோரணையில் நின்றிருந்தார்.

"எப்டிண்ணா வந்துச்சு?"

"அனுபவம்மா" என்றார் கோதண்டபாணி.

சுகுமார் வந்து கேபினைத் திறந்துவிட்டு, "மேஸ்திரி, மாலை எங்க?" என்றான்.

"ஆடு தின்னுடுச்சுடா."

"கேபின் கதவத் தொறந்தா?"

"வேலையப் பாருடா பேஜாரு புடிச்சவனே."

அடுத்த நாள் சாயங்காலத்துக்குள் தொண்ணூறு பையும் நிறைந்தன. போகும்போது இசைவாணி, ஆய்வுக் கட்டுரையில் உங்கள் பெயரை நன்றி சொல்லிப் போடுவேன் என்றாள். அச்சில் தன் பெயர் ரேஷன் கார்டைத் தாண்டி வரப்போவது அவருக்கு அதுதான் முதல் தடவை. ஆறு மாதத்துக்கு விழுப்புரத்தில் அவரோடு டீ குடித்த எல்லோரும் இந்தச் செய்தியையும் சேர்த்துத்தான் குடித்தார்கள்.

ஐப்பசி மழையில் அவள் போன் செய்தாள்.

"அண்ணா, நல்லா யோசிச்சு சொல்லுங்க. அன்னிக்கு வேலை நடந்தப்ப சேத்துக்குழில வேற எதாச்சும் விழுந்துச்சா? பூ, இலை, எதாச்சும்?"

"சத்தியமா இல்லம்மா" என்றார். எதன் மேல் சத்தியம் செய்தார் என்று பகுத்தறிவு மன்றத்தில் யாராவது கேட்டிருந்தால் அவரிடம் பதில் இருந்திருக்காது. இதழையெல்லாம்தான் அரித்துவிட்டோமே, இதில் என்ன கெட்டுப்போகிறது என்று அந்த நொடியில் நினைத்தார்.

அந்தப் பக்கம் அவள் குரல் மாறியது. அப்படியென்றால் இது பெரிய விஷயம் அண்ணா என்றாள். டைனோசர் காலத்துக் களியில் சாமந்திக் குடும்பத்துப் பூவின் மகரந்தம் கிடைத்திருக்கிறது, அந்தக் குடும்பம் அவ்வளவு முன்னாலேயே நம் பக்கத்தில் இருந்ததாக இதுவரை யாரும் காட்டியதில்லை, ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு சந்தோஷத்தில் குதிக்கிறார், அடுத்த புதன்கிழமை கருத்தரங்கில் எல்லோர் முன்னாலும் காட்டப்போகிறேன் என்றாள்.

கோதண்டபாணியின் புத்தி அப்போதும் விழித்துக்கொள்ளவில்லை. நேராக டீக்கடைக்குப் போனார். "டைனோசர் பூ பாத்துருக்கியா? நான் தோண்டிக் குடுத்திருக்கேன்" என்று தொடங்கி ஒரு மணி நேரம் பேசினார். அதற்குள் இசைவாணி ஒரு போட்டோ அனுப்பினாள். மைக்ராஸ்கோப்பில் எடுத்தது. மஞ்சள் உருண்டை, சுற்றிலும் முள் முள்ளாக. டீக்கடையில் எல்லோருக்கும் காட்டினார். பிறகு, இன்னும் கொஞ்சம் விவரம் கேட்டு வைத்துக்கொண்டால் நாளைக்கும் பேசலாமே என்று அவளையே கூப்பிட்டார்.

"இப்ப கீற பூவுல இது எது மாதிரிம்மா?"

"செண்டுமல்லி மாதிரியே இருக்குண்ணா. அதான் எனக்குப் பயம். செண்டுமல்லி நம்ம ஊரு பூவே இல்ல, மெக்சிகோ பக்கத்துலருந்து நானூறு ஐநூறு வருஷத்துக்குள்ள வந்தது. எங்கிருந்தாவது தூசு கலந்திருந்தா, எங்கருந்து எப்ப கலந்துச்சுன்னு தெரியாதில்ல, அப்ப தொண்ணூறு பையும் குப்பைதான்னு கைடு சொல்லிட்டாரு. நீங்க இல்லன்னு சொன்னப்பறம்தான் உயிர் வந்துச்சு."

டீ கையிலேயே ஆறிப்போனது. டைனோசருக்குச் செண்டுமல்லி மாலை போட்டவன் நான்தான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. டீக்கடையில் அவரைச் சுற்றி இருந்தவர்கள் மேற்கொண்டு சொல்லச் சொன்னார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

நான்கு நாள் அவர் பட்ட பாட்டை அவரே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் புதன்கிழமை படித்தவர்கள் நிறைந்த சபையில் சுகுமாரின் லாரி மாலையைக் காட்டி இதுதான் டைனோசர் காலத்துப் பூ என்று சொல்வாள், என்றாவது ஒருநாள் எவனாவது அதைக் கண்டுபிடித்து அவளைச் சந்தி சிரிக்க வைப்பான். சொன்னாலோ தொண்ணூறு பையும் குப்பை, மூன்று வருடப் படிப்பு மண். எந்தப் பக்கம் திரும்பினாலும் கெடுத்தவர் கோதண்டபாணி. இதில் வெட்கம் வேறு. பூஜை இல்லாத வண்டி என்று நம்பித்தானே வந்தாள். மற்ற நான்கு வண்டிக்காரர்களாவது போடுவோம் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள், யாருக்கும் தெரியாமல் போட்டவர் பகுத்தறிவுவாதி ஒருவர்தான்.

செவ்வாய்க்கிழமை காலை சவுரியம்மாள் கேப்பைக்கூழை அவர் முன்னால் வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"நாலு நாளா கூழும் எறங்கல, கட்சிப் பேச்சும் இல்ல. இன்னாய்யா ஆச்சு ஒனக்கு?"

சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார். யாராக இருந்தாலும் சரி என்று வேண்டிக்கொண்டதை மட்டும் கூழைப் பார்த்துச் சொன்னார். அவள் இடுப்பில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் முதலில் ஆச்சரியம், பிறகு சிரிப்பு, பிறகு நிஜமாகவே கோபம்.

"முண்டியம்பாக்கத்துல என் வயித்த கிழிச்சு கட்டி எடுத்தாங்களே, அன்னிக்கு வெளிய குந்திக்கினு வேண்டிக்கினியா?"

அவர் தலை குனிந்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில், தான் வேண்டிக்கொள்ளவில்லை என்று காட்டுவதற்காகவே மூன்று மணி நேரம் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை ஒரு நர்ஸ் சொல்லித்தான் திருப்பினார். இதை அவளிடம் சொன்னதே இல்லை. இப்போது சொன்னார்.

சவுரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தலகீழா பேப்பரு. களிமண்ணுக்கு ரெண்டு மொழம் பூவு. நல்லா இருக்குய்யா உன் பகுத்தறிவு. சரி, கெளம்பு. எங்க ஆளுங்க சாமியார் கிட்ட போயி சொல்லுவாங்க, நீ அந்தப் பொண்ணு கிட்ட போயி சொல்லு. ஜல்தியா போ, நாளைக்குத்தான கூட்டம்?"

"சொன்னா மூணு வருஷ படிப்பு போச்சுடி."

"சொல்லலன்னா அது வாயில பொய்ய வெச்சு அனுப்புற. போ."

திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவர் வெளியே பார்க்கவில்லை. சட்டைப் பையில் அந்த நார் இருந்தது. ஏன் இத்தனை மாதம் அதைத் தூக்கிப் போடாமல் பீரோவில் வைத்திருந்தார் என்பதும் அவருக்கு விளங்காத விஷயங்களில் ஒன்று. விக்கிரவாண்டி தாண்டும்வரை எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்தார். மேடையில் ஏறினால் இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் பேசும் வாய்க்கு முதல் வரி கிடைக்கவில்லை.

இசைவாணியின் வீடு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். கதவைத் திறந்த அவள் சந்தோஷமாக, "வாங்கண்ணா, கூட்டத்துக்கு என்கூட வர்றீங்களா?" என்றாள். மேசையில் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் அந்த முள் உருண்டை பெரிதாகத் தெரிந்தது. ஒத்திகையெல்லாம் பறந்துபோய், கோதண்டபாணி நாரை எடுத்து லேப்டாப் பக்கத்தில் வைத்தார்.

"அந்தப் பூவோட நாரும்மா இது. சுகுமார் மாலை. நான்தான் சேத்துல போட்டேன். ராடு மாட்டிக்கினப்ப."

அவள் நாரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். உட்கார்ந்தாள்.

"கேட்டேன்ல? போன்ல அவ்ளோ கேட்டேன்ல? சத்தியம்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"நாலு நாளா தூங்காம ஸ்லைடு ரெடி பண்ணிக்கினு இருக்கேன். நாளைக்கு அத்தன பேரு முன்னாடி..." அவர் ஏதேனும் சொல்லியிருக்கலாம், மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டி முடிக்கட்டும் என்று காத்திருந்தார். அவள் நிறுத்தி நிதானமாகத் திட்டினாள். அதில் ஒரு வார்த்தைகூட அதிகம் என்று அவருக்குப் படவில்லை.

பிறகு திடீரென்று நிறுத்தினாள்.

"எந்த மீட்டர்ல போட்டீங்க?"

"முப்பத்தெட்டு பை கட்டினப்பறம். முப்பத்தொம்போது எடுக்கறதுக்கு முன்னாடி."

"கரெக்டா தெரியுமா?"

"ராடுல நான் போட்ட கோடுதானம்மா."

அவள் எழுந்து ஒரு நோட்டை எடுத்து வந்தாள். ஒவ்வொரு பையிலும் எத்தனை முள் உருண்டை என்று எண்ணி எழுதிய பக்கம். ஒன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை பூஜ்யம். முப்பத்தொன்பதில் நூற்று நாற்பது. நாற்பத்தைந்தில் தொண்ணூறு. அறுபதில் பன்னிரண்டு. எழுபத்தொன்றிலிருந்து மறுபடியும் பூஜ்யம். இப்படி ஏன் சட்டென்று தொடங்கிப் படிப்படியாகக் குறைகிறது என்று புரியாமல்தான் இத்தனை நாளும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாளாம். விரலை அந்த எண்கள் மேல் வைத்து ஒவ்வொன்றாகக் கீழே நகர்த்தினாள்.

"அண்ணா, உக்காருங்க."

உட்கார்ந்தார்.

கைடு முதல் நாளிலிருந்தே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார் என்றாள். ஒரே சேற்றுத் தண்ணீர்தானே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது, மேல் மீட்டர்க் களி கீழ் மீட்டர்ப் பையில் எவ்வளவு கலக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்? அதற்கு அவளிடம் பதில் இருந்ததில்லை. வசதியுள்ள ஆய்வாளர்கள் இதற்கென்றே சேற்றில் அடையாளப் பொருள் எதையாவது கலந்துவிட்டு, அது எந்த ஆழம்வரை தொடர்ந்து வருகிறது என்று பார்ப்பார்களாம்.

"நீங்க கலந்துட்டீங்க. எந்த எடத்துல கலந்தீங்கன்னும் தெரியும். இதுல இப்ப எவ்ளோ கலக்குதுன்னு கணக்குப் போட்டுடலாம். செண்டுமல்லிய மட்டும் தனியா கழிச்சுட்டா மத்த மகரந்தமெல்லாம் நிக்கும்."

"அப்போ குப்பை இல்லியாம்மா?"

"குப்பை இல்ல. டைனோசர் சாமந்தி மட்டும் போச்சு." சொல்லும்போது அவள் கண் கலங்கியது. நான்கு நாள் அவளிடம் இருந்த பெரிய கண்டுபிடிப்பு அது. பிறகு அவளை மீறிச் சிரிப்பு வந்தது. "ஆறரக் கோடி வருஷம் கழிச்சு டைனோசருக்கு மாலை போட்ட ஒரே ஆளு நீங்கதாண்ணா."

அவரும் சிரித்தார். நான்கு நாளில் முதல் தடவை. அவள் கைடுக்குப் போன் செய்து நெடுநேரம் பேசினாள். அந்தப் பக்கம் முதலில் இரைச்சல், அப்புறம் கேள்விகள், கடைசியில் நாளைக்கு இதையே சொல் என்கிற பதில். அவள் அம்மா கொடுத்த டீயை அவர் குடித்து முடிப்பதற்குள் அவள் முள் உருண்டைப் படத்துக்குக் கீழே இருந்த எழுத்தையெல்லாம் அழித்துவிட்டு வேறு எழுதிக்கொண்டிருந்தாள்.

"இத எழுதியாகணும்ணா. எந்த ஆழத்துல, என்ன பூ, யாரு போட்டாங்க, எதுக்குன்னு." சற்றுத் தயங்கினாள். "உங்களுக்குச் சங்கடமா இருந்தா, வண்டில கட்டியிருந்த மாலை காத்துல அறுந்து விழுந்துச்சுன்னு போட்டுடட்டுமா? ஆழம் அதேதான், கணக்கு மாறாது. உங்க பேரு நன்றில தனியா நல்லபடியா வந்துடும்."

நல்ல வழிதான். ஆட்டைவிட நம்பும்படியான பொய். அச்சில் பெயரும் வரும், மானமும் மிஞ்சும், மன்றத்தில் தலை நிமிர்ந்து நடக்கலாம். கோதண்டபாணி காலி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டு அந்த நாரையே பார்த்தார். அந்தக் கொல்லையும் வேப்பமரமும் பைகளின் வரிசையும் நினைவில் வந்தன. முகம் கழுவப் போனவளின் முதுகும் வந்தது.

"காத்து போடலம்மா. மேஸ்திரி கோதண்டபாணி போட்டாருன்னு எழுது."

அவள் தட்டினாள். "எதுக்குன்னு எழுதட்டும்? பூஜைக்குன்னு போடட்டுமா?"

பூஜைக்கு ஒரு சாமி வேண்டும், அது அவரிடம் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. முப்பத்தாறு வருடமாக ஊரில் எல்லோருக்கும் அவர் சொல்லி வந்த அந்த ஒற்றைச் சொல்தான் இருந்தது. இத்தனை நாளும் அதை அடுத்தவர்களைப் பார்த்தே சொல்லியிருந்தார்.

"பயம்னு எழுதும்மா" என்றார்.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அப்படியே எழுதிவிட்டு, நாளைக்குக் கூட்டத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அவருக்குச் சொன்னாள்.